பட்டிப்பூவின் மருந்தை மதுவம் செய்யுமா?

களுவாஞ்சிகுடியில் உயர்தரத்துக்கு உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாக அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மப்பா படுவான்கரையில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார். மூலிகைகளில் இருக்கும் மருந்தை நுண்ணங்கிகளைக் கொண்டு தொட்டியில் செய்ய முடியும் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையானால் அம்மப்பாவின் மூலிகைகளுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? அப்படியொரு வேலையை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தொடங்க முடியுமா? கேள்விகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் விடையையும் அப்படியே சொல்லிப் போகிறேன்.

முதற் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. ஆயினும் தம்பி, பத்திரிகைத் தலைப்புகளை வாசித்துவிட்டு, ஒரு பரம்பரையலகை (ஜீனை) நுண்ணங்கிக்குள் புகுத்தியதும் மருந்து ஊற்றெடுக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு நுண்ணங்கியை ஒரு சேர்வையைச் செய்ய வைப்பது மொத்த வேலையில் சிறு பகுதி. அது போதிய அளவில் செய்ய வேண்டும். செய்ததை மற்ற கழிவுகளிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் அதன் விலை, செடியை நட்டு அறுத்துப் பிழிந்தெடுக்கும் விலையை விடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அது ஆய்வுக் கட்டுரையாகவே நின்றுவிடும். கீழே நான் சொல்லப்போகும் முயற்சிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வென்றும் தோற்றும் இருக்கின்றன.

கிளினிக் நாளில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலிருந்தோ கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலையிலிருந்தோ மருந்து வாங்கித் திரும்பும் முதியவர் ஒருவரின் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மெற்போமின் குளிசை இருக்கும். அது முழுக்க இரசாயனத் தொகுப்பு. கொழுப்புக்குக் கொடுக்கும் அற்றோவாஸ்ரற்றினும் இரசாயனத் தொகுப்பே, ஆனால் அந்த மருந்து வகைக்கு வழிகாட்டியது ஒரு பங்கசு (பூஞ்சை). 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பங்கசுகளைச் சோதித்து, பெனிசிலியம் இனமொன்றிலிருந்து கொலஸ்ரரோல் உற்பத்தியைத் தடுக்கும் கொம்பக்றின் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த லோவாஸ்ரற்றின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனை அஸ்பெர்ஜிலஸ் இனப் பங்கசு இன்றும் தொட்டியில் செய்து தருகிறது. பையில் விற்றமின் பி12 இருந்தால் அது பற்றீரியா செய்தது என்பதில் ஐயமில்லை, ஏனென்றால் செடிகளோ விலங்குகளோ அதனைச் செய்வதில்லை, இரசாயன முறையில் தொகுப்பதற்கோ எழுபதுக்கு அண்மித்த படிகள் வேண்டும். கடைசியாக, குளிரில் வைத்துக் கொண்டுபோகும்படி தாதியார் சொல்லிக் கொடுத்த, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கலக்க வேண்டிய, வெண்மையாகக் கலங்கிய இன்சுலின் குப்பி. பலர் அதனை இன்னும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பதாகவே நம்புகிறார்கள். மார்க்கக் காரணத்துக்காகத் தயங்குபவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் அந்த நம்பிக்கை சரியாகவே இருந்தது. 1922 முதல் அறுபது ஆண்டுகள் வரை இன்சுலின் என்பது இறைச்சிக் கூடங்களில் சேர்க்கப்பட்ட மாடு, பன்றி ஆகியவற்றின் சதையிகளை (கணையங்களை) அரைத்து வடித்தெடுத்ததே. 1978இல் அமெரிக்காவின் ஜெனென்ரெக் நிறுவனத்தாரும் சிற்றி ஒஃப் ஹோப் ஆய்வு நிலையத்தாரும் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகுகளை இரசாயன முறையில் தொகுத்து, மனிதக் குடலிலும் வாழும் ஈ.கோலி என்ற பற்றீரியாவுக்குள் புகுத்தி, அதனைக் கொண்டு இன்சுலினின் இரு சங்கிலிகளையும் செய்வித்தார்கள். 1982இல் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய புரதம். 21 கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று, அவற்றைப் பிணைக்கும் கந்தகப் பாலங்கள். இவ்வளவு சிறியதாக இருந்ததும் இந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

ஆனால் ஈ.கோலி அந்தப் புரதத்தைச் செய்யும்போது ஒழுங்காக மடித்துத் தருவதில்லை. கலத்துக்குள்ளே கரையாத கட்டிகளாக அது குவிந்து கிடக்கும். கலங்களை உடைத்து, அக்கட்டிகளைக் கடும் கரைசலில் கரைத்து, மெல்ல மெல்லச் சூழலை மாற்றிப் புரதத்தைத் திரும்ப மடிய விட வேண்டும். மடியாதவற்றை ஒதுக்க வேண்டும். நொதியம் (என்சைம்) ஒன்றால் தேவையற்ற துண்டை வெட்டி நீக்க வேண்டும். பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கும் பொருள் நிரப்பிய குழாய்கள் (நிரல்கள்) பலவற்றினூடாக ஓடவிட்டுச் சுத்தமாக்கிப் பளிங்காக்க வேண்டும். ஈ.கோலியின் கலச்சுவர்ப் பொருள் மிகச் சிறிதளவு மீந்து இரத்தத்துக்குள் போனாலும் கடும் காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும் என்பதால், ஊசி மருந்தில் அதன் அளவைச் சோதிக்காமல் ஒரு குப்பியும் வெளியே போக முடியாது. வேறு சில உற்பத்தியாளர்கள் மதுவத்தைப் பயன்படுத்துகிறார்கள். பேக்கரிக்காரர் ஈஸ்ட் என்று வாங்கும் அதே இனம்தான். மதுவம் புரதத்தை ஓரளவு மடித்து வெளியேயே விட்டுவிடுவதால் கலத்தை உடைக்கும் வேலை மிச்சம். நம் பிள்ளைகளுக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஏற்றும் ஐங்கூட்டுத் தடுப்பூசியிலுள்ள மஞ்சட்காமாலை பி பகுதியும், வைரசின் மேலுறைப் புரதத்தை நுண்ணங்கிக்குள் செய்வித்து எடுப்பதே. இவ்வகைத் தடுப்பூசி மதுவத்தில் செய்யப்பட்டு 1986இல் முதன்முதல் அனுமதி பெற்றது. எனவே இந்தத் துறை நம் ஊருக்கு வந்து நெடுங்காலமாகிறது. தொட்டி வேறிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு வேலைகளை வேறுபடுத்திக் கொள்ள வேண்டும். இன்சுலினைச் செய்யும் பற்றீரியாவுக்கு அந்தப் புரதத்தால் எந்தப் பயனும் இல்லை. நாம் வலிந்து செய்விக்கிறோம். பெனிசிலின், ஸ்ரெப்ரோமைசின், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றை நுண்ணங்கிகள் தம் தேவைக்கென்று தாமாகவே செய்கின்றன. இரண்டாம் வகையில் நம் வேலை, அப்படிச் செய்பவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அவை செய்யும் அளவைக் கூட்டுவது.

அளவைக் கூட்டுவது என்பதன் முழுப் பொருளும் பெனிசிலின் வரலாற்றில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதனைக் கண்டது 1928இல் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் அது பெரிதாக நகரவில்லை என்பதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. ஒக்ஸ்போர்ட்டில் ஃபுளோரி, செயின், ஹீற்லி ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்து, 1941 பெப்ரவரியில் அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு முதன்முதலில் சிகிச்சையாக ஏற்றினார்கள். அவர் தேறத் தொடங்கினார். மருந்து போதவில்லை, அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது, மார்ச்சில் அவர் இறந்தார். மருந்து வேலை செய்ததா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. எஞ்சியிருந்தது எத்தனை கிராம் என்ற கேள்வி. அதற்கு அமெரிக்காவின் பியோரியா நகரிலுள்ள விவசாயத் திணைக்கள ஆய்வுகூடம் விடை தேடியது. சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும்போது மிஞ்சும் ஊறல் நீரைப் பங்கசுக்கு உணவாகக் கொடுத்தபோது விளைச்சல் பல மடங்கு கூடியது. 1943இல் பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து, ஆழமான தொட்டியில் மூழ்கியபடியே வளர்ந்து கூடுதலாகச் செய்யும் பெனிசிலியம் வகை கிடைத்தது. அதனை எக்ஸ் கதிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் உட்படுத்தி, பிறழ்ந்தவற்றுள் நல்லதைத் தெரிந்து, அதனையும் பிறழச் செய்து, இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். இன்றைய வகைகள் ஒரு லீற்றரில் பல பத்துக் கிராம் செய்கின்றன. கழிவு நீரும் அழுகிய பழமும் சலிக்காத தெரிவும்தான் பெனிசிலினை மருந்தாக்கின என்று சொன்னால் ஃபிளெமிங்கின் பெருமை குறைந்துவிடாது. மற்றவர்களுடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

இனி மூலிகைக்கு வருவோம். செடியின் மருந்தை நுண்ணங்கியில் செய்வது இன்சுலினை விடக் கடினம். இன்சுலின் ஒரு புரதம். ஒரு பரம்பரையலகு, ஒரு புரதம் என்று நேராகப் போகலாம். மூலிகையின் மருந்துச் சேர்வை அப்படியன்று. செடி பத்து, இருபது, முப்பது நொதியங்களை வரிசையாக வைத்து, ஒன்று செய்ததை அடுத்தது மாற்றி, அதனை அடுத்தது மாற்றி, கடைசியில் அந்தச் சேர்வையை அடைகிறது. அந்த வரிசை முழுவதையும் மதுவத்துக்குள் கொண்டுவர வேண்டும். இடையில் ஒரு நொதியம் மந்தமாக வேலை செய்தால் அதற்கு முந்திய பொருள் தேங்கிக் கலத்தையே நஞ்சூட்டும்.

இதில் மிகவும் பேசப்பட்டது மலேரியாவுக்குரிய ஆர்ட்டிமிசினின். சீனத்தின் தூ யூயூ 1972இல், பழைய மருத்துவ ஏடொன்றின் குறிப்பைப் பின்பற்றிக் கொதிக்க வைக்காமல் குளிர்ந்த முறையில் ஒரு மாசிப்பத்திரி இனத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அதற்காக 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் செடியின் விளைச்சல் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கியதால் விலையும் துள்ளியது. கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவினர் 2006இல், செடியின் நொதியங்களை மதுவத்தில் வைத்து, ஆர்ட்டிமிசினினுக்கு முந்திய படியான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை லீற்றருக்கு 100 மில்லிகிராம் அளவில் செய்து காட்டினார்கள். 2013இல் அது லீற்றருக்கு 25 கிராமாக உயர்ந்திருந்தது. செடியிலிருந்து மேலும் சில நொதியங்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தது ஒரு காரணம். நொதித்தல் நடக்கும்போதே தொட்டியில் ஓர் எண்ணெயை ஊற்றி, மதுவம் வெளியே விடும் அமிலத்தை அந்த எண்ணெயில் கரையவிட்டது இன்னொரு காரணம். மதுவத்துக்கும் சீனியை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. கொட்டினால் காற்று எவ்வளவு கொடுத்தாலும் அது மதுசாரம் செய்யப் போய்விடும். பசியோடு வைத்து அளந்தளந்து ஊட்ட வேண்டும். பெரிய தொட்டியில் ஒட்சிசனைக் கரைப்பதும், கோடிக்கணக்கான கலங்கள் வெளியிடும் வெப்பத்தைக் குளிர்நீர் ஓட்டி எடுப்பதும் தனிக் கலைகள். பரம்பரையலகைத் தெரிந்தவர் ஆயிரம் பேர் இருந்தால் இவற்றைத் தெரிந்தவர் பத்துப் பேர் இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சனோஃபி நிறுவனம் 2013இல் இத்தாலியில் இதனைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துக்குள் சீனத்திலும் வியட்நாமிலும் ஆபிரிக்காவிலும் விவசாயிகள் செடியைக் கூடுதலாக நட்டுவிட்டார்கள். செடியிலிருந்து எடுத்த ஆர்ட்டிமிசினின் கிலோகிராமுக்கு 250 டொலரிலும் கீழே போனது. தொட்டியில் செய்ததற்கு 350 டொலருக்குக் குறையாமல் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் சனோஃபி அந்தத் தொழிற்சாலையையே விற்றுவிட்டது. இதனைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. செடியின் விலை மீண்டும் ஏறினால் மாற்று வழியொன்று ஆயத்தமாக இருக்கிறது என்ற அளவில் அது பயனற்றுப் போகவில்லை என்றே நான் கருதுகிறேன். நம் நாட்டில் 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் இல்லாமற்போய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. வெளிநாடு போய், பல்சிபாரம் என்ற கடும் மலேரியா வகையின் தொற்றுடன் வருபவருக்கு இன்றும் ஆர்ட்டிமிசினின் வழிவந்த குளிசையே கொடுபடுகிறது.

ஆகவே ஒரு செடி எளிதாக வளருமானால், அதன் மருந்து அதில் தாராளமாக இருக்குமானால், தொட்டி அதனுடன் போட்டியிட்டு வெல்வது கடினம். மறுபக்கத்தில் நிற்கிறது நம் வாசல்களிலும் மயானக் கரைகளிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். வெண்குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்ரினும், நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்பிளாஸ்ரினும் இந்தச் செடியிலிருந்தே வருகின்றன. செடி எங்கும் உண்டு, மருந்துதான் அதில் இல்லை என்று சொல்லுமளவுக்குச் சொற்பம்: ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்கு ஏறக்குறைய 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும், வின்கிரிஸ்ரினுக்கு அதனிலும் பல மடங்கு. 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்ரினுக்குத் தட்டுப்பாடு வந்து பிள்ளைகளின் சிகிச்சைகள் குழம்பின. 2022இல் கீஸ்லிங் குழுவினர் முப்பதுக்கும் மேற்பட்ட வேற்று உயிரினப் பரம்பரையலகுகளை மதுவத்துக்குள் வைத்து, வின்பிளாஸ்ரினின் இரு பாதிகளான வின்டொலினையும் கதரந்தினையும் அதனைக் கொண்டு செய்வித்து, பின் இரசாயன முறையில் இணைத்தார்கள். உயிரியலாக அது வியப்பான சாதனை. விளைச்சல் லீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். அதனை ஆயிரம் மடங்கு கூட்டினாலும் மில்லிகிராமிலேயே நிற்கும். ஆயினும் இந்த இடத்தில் தொட்டிக்கு எதிர்காலம் உண்டு, ஏனென்றால் எதிரே நிற்கும் இலைக் குவியல் அவ்வளவு பெரியது.

அபினியிலிருந்து வரும் வலி நிவாரணிகளையும் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஸ்ரான்போர்ட்டின் கிறிஸ்ரினா ஸ்மொல்கே குழு 2015இல் இருபதுக்கும் மேற்பட்ட நொதியங்களை மதுவத்தில் சேர்த்து அதனைச் சாதித்தது. ஒரு வேளை மருந்து எடுக்க 4,400 கலன் (gallon) மதுவக் கரைசல் தேவை என்று அந்த வேளையில் கணக்கிட்டார்கள். பேக்கரி ஈஸ்ட்டில் அபினி காய்ச்சிவிடுவார்கள் என்று அன்று கிளம்பிய அச்சத்துக்கு இந்தக் கணக்கே போதிய பதிலாக இருந்தது.

இனி அம்மப்பாவின் மூலிகைகள். நீரிழிவுக்கு நம் நாட்டில் பெயர்போன கோதல ஹிம்புட்டு என்ற கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டைக் கடைந்து செய்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது வழக்கம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் அதிலிருந்து சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். அது குடலில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. அதே நொதியத்தைத் தடுக்கும் அகார்போஸ் என்ற குளிசை ஆங்கில மருத்துவத்தில் 1990 முதல் இருக்கிறது. அதனைச் செய்வது அக்ரினோபிளேன்ஸ் என்ற மண் பற்றீரியா. காட்டுக் கொடியும் மண்ணிலுள்ள பற்றீரியாவும், ஒன்றையொன்று அறியாமல், ஒரே பூட்டுக்குச் சாவி செய்திருக்கின்றன. கொடி மெதுவாக வளர்வது, காட்டில் அருகி வருவது, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ளது. பற்றீரியாவை எவ்வளவும் வளர்க்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் நுண்ணங்கி மூலிகைக்கு எதிரி ஆகாது, அதனைக் காட்டோடு விட்டுவைக்கும் வழியாகிறது. கொத்தமல்லியோடு சேர்த்து அவிக்கும் மரமஞ்சளுக்கும் இதே நிலைதான். அதன் பேபெரினை மதுவத்தில் செய்யும் வழி ஆய்வுகூட அளவில் இருக்கிறது.

ஆனால் பரியாரியார் கொடுக்கும் குடிநீர் ஒரு சேர்வை அன்று. பல மூலிகைகளின் பல நூறு சேர்வைகள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பிரித்துத் தொட்டியில் செய்தவர் அந்தக் குடிநீரையே செய்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதேவேளை, பிரித்தெடுத்த ஒன்று சோதனையில் வேலை செய்தது என்பதைக் காட்டி, குடிநீரும் அவ்வாறே வேலை செய்யும் என்று விளம்பரம் செய்வதும் நேர்மையன்று. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இடையில் அரிஷ்டங்களையும் மறந்துவிடக்கூடாது. தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் கஷாயத்துடன் சீனிப்பொருளும் காட்டாத்திப் பூவும் சேர்த்து அடைத்து வைக்கும்போது மதுவம் மதுசாரத்தைச் செய்கிறது. நீரில் கரையாத சில சேர்வைகள் அந்த மதுசாரத்தில் கரைந்து வருகின்றன, மருந்தும் கெடாமல் நிற்கிறது. நுண்ணங்கியை மருந்து செய்வதில் துணைக்கு அழைப்பது நம் வைத்தியத்துக்குப் புதிதன்று.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை போடுவதுபோல மருந்து செய்யும் நுண்ணங்கியையும் வைத்துக் கொண்டு போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயிரில் புளிப்பே காவல். வேண்டாதவை அதில் இலகுவில் வளரா. மருந்து செய்யும் மதுவமோ பற்றீரியாவோ அப்படிக் காவல் உள்ளது அன்று. அது தன் சக்தியை நமக்கு வேண்டிய சேர்வையில் செலவழிப்பதால் மெதுவாக வளரும். ஒரு துளி வேற்றுக் கிருமி நுழைந்தால் அது முந்திவிடும். உள்ளேயே கூட, மருந்து செய்வதை நிறுத்திவிட்ட கலம் வேகமாகப் பெருகி மற்றவற்றை மேவிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆழ்குளிரில் வைத்த மூல வித்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறார்கள். சிவப்பு மதுவ அரிசி என்று இணையத்தில் விற்பதை வாங்கிக் கொலஸ்ரரோலுக்கு உண்பவர்களுக்கும் இதனைச் சொல்ல வேண்டும்: அதில் லோவாஸ்ரற்றினே இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று தெரியாது, அதோடு சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிற்றினின் என்ற நஞ்சும் சிலவேளை இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மாரி தொடங்கி முதல் மழை விழும்போது வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) எழும் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற சேர்வை. அதனைப் பெரும்பாலும் செய்பவை ஸ்ரெப்ரோமைசிஸ் என்ற பற்றீரியாக்கள். 1943இல் அமெரிக்காவில் அல்பர்ட் ஷற்ஸ், செல்மன் வாக்ஸ்மன் ஆகியோர் காசநோய்க்குரிய ஸ்ரெப்ரோமைசினை எடுத்தது இந்தக் குடும்பத்திலிருந்துதான். இன்று பயன்படும் நுண்ணுயிர்கொல்லிகளில் பெரும் பங்கு இக்குடும்பத்தாருடையது. எனவே தேடுவதற்கு நம்மிடம் மண் இருக்கிறது. அதோடு வாவிக் கரையெங்கும் கண்டற் காடுகளின் சேறு இருக்கிறது. உப்பும் நன்னீரும் மாறி மாறி ஏறும், ஒட்சிசன் குறைந்த அந்தச் சேற்றில் வாழ்பவை தரையிலுள்ளவற்றிலிருந்து வேறுபட்டவையாக இருக்க வாய்ப்புண்டு.

தேடும் முறை கண்முன் காணக்கூடியதே. கண்டல் வேரடியில் மேற்பரப்பை நீக்கிச் சேற்றை எடுத்து, நிழலில் உலர்த்தி, ஐம்பது அறுபது பாகை வெப்பத்தில் சிறிது நேரம் வைத்தால் வேகமாக வளரும் பற்றீரியாக்கள் மடியும், ஸ்ரெப்ரோமைசிசின் வித்திகள் தாங்கும். அதனைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, மாப்பொருளும் கேசினும் சேர்த்த, ஏகார் என்ற கடற்பாசிக் கூழ்த் தட்டில் பரப்ப வேண்டும்; பங்கசுகள் மேவாதிருக்க நிஸ்ரற்றின் சேர்க்கலாம், அதுவும் ஒரு ஸ்ரெப்ரோமைசிஸ் செய்ததே. முதல் நாட்களில் தட்டு வெறுமையாகவே இருக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துச் சுண்ணாம்புத் தூள் படிந்தாற்போன்ற வறண்ட சிறு வட்டங்கள் எழும். ஊசியால் தொட்டால் வழுக்கி வராது, ஏகாருக்குள் வேர்விட்டு இறுகியிருக்கும். மூடியைத் திறந்தால் மழைநாளின் மணம். அந்த வட்டத்தை ஏகாரோடு வெட்டி, வேறொரு பற்றீரியா பரப்பிய தட்டின்மேல் வைத்து மறுநாள் பார்த்தால், சுற்றிலும் ஒன்றும் வளராத தெளிவான வளையம் தெரியலாம். அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். நோய்க்கிருமிகளைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வளர்க்க வேண்டாம். அந்தப் பகுதி பல்கலைக்கழகத்துக்குரியது.

வளையம் தெரிந்ததும் மருந்து கிடைத்ததாகக் கொண்டாடுபவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒரு சேர்வையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே தெரிந்ததை விரைவில் அடையாளம் கண்டு ஒதுக்குவதற்குத் மூலக்கூறின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைக் கருவியும் பரம்பரையலகுத் தொடர் வாசிப்பும் வேண்டும். அதேவேளை நம்பிக்கைக்கும் இடமுண்டு: 2002இல் ஒரு ஸ்ரெப்ரோமைசிசின் முழுப் பரம்பரைத் தொடரையும் வாசித்தபோது, அதுவரை அறிந்திருந்த சில சேர்வைகளுக்கு மாறாக, இருபதுக்கும் மேற்பட்ட சேர்வைகளைச் செய்வதற்கான பரம்பரையலகுத் தொகுதிகள் அதற்குள் இருந்தன. ஆய்வுகூடத் தட்டில் அவை பேசாதிருக்கின்றன. அவற்றை எழுப்பும் சூழலைக் கண்டுபிடிப்பதே இன்றைய ஆய்வின் பெரும் பகுதி.

மண்ணை வெளியே அனுப்பும் முன் பிலிப்பைன்ஸ் வைத்தியர் அபெலார்டோ அகிலாரை அறிந்திருக்க வேண்டும். 1949இல் இலோஇலோ பகுதி மண்ணை அவர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார்; அதிலிருந்து எரித்ரோமைசின் பிறந்தது, ஊரின் பெயர் ஐலோசோன் என்ற வணிகப் பெயராயிற்று, அவருக்கோ அந்த வருமானத்தில் பங்கு கிடைக்கவில்லை. உயிரினப் பல்வகைமைச் சமவாயம் 1992இல் வந்தபின் ஒரு நாட்டின் உயிரினங்கள் மீது அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. இலங்கையும் அதில் அங்கம். ஆகவே நம் வாவிச் சேற்றை ஆராய வெளியார் கேட்டால், அனுமதியும் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும், பிரித்தெடுத்த வகையின் ஒரு பிரதி இங்கேயே ஆழ்குளிரில் இருக்க வேண்டும்.

உற்பத்தி என்று வந்தால், ஊசி மருந்திலிருந்து தொடங்குவது இன்றைக்கு நமக்குக் கைகூடாது. மின்சாரம் ஒரு மணிநேரம் நின்றால் தொட்டியிலுள்ளவை ஒட்சிசன் இன்றி மடியும். தூய அறைகளும் சோதனைக் கருவிகளும் தொட்டியை விடப் பல மடங்கு செலவு வைக்கும். ஆனால் தீனி நம்மிடம் இருக்கிறது. ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலையில் மிஞ்சும் கரும்புப் பாகு மதுவத்துக்கு முதல்தர உணவு. இரு மாவட்டங்களிலும் நெல் ஆலைகளில் குவியும் தவிட்டில் பங்கசுகளை ஈரப்பதத்துடன் வளர்க்கலாம். பயிர் நோய்க்கு எதிரான ட்ரைக்கோடெர்மா என்ற பங்கசு, கால்நடைத் தீவனத்துக்கான நொதியங்கள் போன்றவற்றில் சுத்தத்தின் கட்டுப்பாடு இலகுவானது, பிழை நேர்ந்தாலும் உயிர் போகாது. அவற்றில் ஐந்தாறு ஆண்டுகள் தொட்டி ஓட்டியவர்கள் இருந்தால்தான் பின்னர் மருந்துக்குப் போக முடியும். நேரே மருந்துத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டுவதை விட இது மெதுவானது, ஆனால் ஆட்களை உருவாக்கும்.

தம்பி, நீங்கள் எதைக் கற்க வேண்டும் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் உயிரியலும் இரசாயனமும் கற்பிக்கிறார்கள்; உங்கள் பாடப்பிரிவுக்கு அங்கே அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அம்மப்பாவின் வழியில் போக விரும்பினால் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, அதற்கும் அப்படியே விசாரிக்க வேண்டும். எங்கே போனாலும் பரம்பரையலகுப் பொறியியலோடு நின்றுவிடாமல், கரைசலிலிருந்து ஒரு சேர்வையைப் பிரித்தெடுக்கும் கலையைக் கைப்பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். அதற்கு முன், அம்மப்பாவின் கொப்பிகள் வீட்டில் இருந்தால், எந்த மூலிகையை எந்த மாதத்தில் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார், கொதிக்க வைத்தாரா ஊற வைத்தாரா என்பவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதி, செடியின் உலர்ந்த மாதிரியோடு சேர்த்து வையுங்கள். தூ யூயூ தேடியதும் அப்படியொரு குறிப்பைத்தான். நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்கச் சொன்ன ஒரு வரி அங்கே எழுதப்பட்டிருந்தது.